கதவில் ஒட்டிய வரிசை

மார்ச் 3, திங்கள்

நோட்டுப் புத்தகமே, எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் பேனா பிடித்த கை. இதுவரை எழுதியதற்கே அரைமணி நேரம். "தெரிஞ்சதை எழுதுங்க ஐயா" என்றார் முதியோர் வகுப்பு டீச்சர். எனக்குத் தெரிந்தது சண்டை.

மார்ச் 5, புதன்

கூண்டுச் சண்டைப் பயிற்சிக் கூடத்தில் பதினெட்டு வருடமாகத் தரை துடைக்கிறேன். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை. எழுபது கிலோ பிரிவில் எங்கள் வட்டாரத்து ஆட்களை இன்று வரிசைப்படுத்தினேன்.

முதலாவது, கொத்தனார். கீழே விழுந்தாலும் பதற மாட்டார். இரண்டாவது, லாரிக்காரர். வலதுகால் உதை ஒன்றே போதும். மூன்றாவது, நெட்டையன். கை நீளம், மூச்சு குட்டை. நாலாவது, என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு வேகம் உண்டு. ஆனால் நெருக்கினால் இடப்பக்கமாகவே பின்வாங்குவார். அவர் பயிற்சி முடித்துப் போனபின் கூண்டின் அந்த ஓரத்தில்தான் வியர்வை சொட்டிக் கிடக்கும். துடைப்பவனுக்குத் தெரியாதா? பதினைந்தாம் தேதி லாரிக்காரரோடு மோதுகிறார். இடப்பக்கம் போனால் நேராக அந்த வலதுகாலிடம்தான் போவார். ஏற்கெனவே இரண்டு தோல்வி. இதிலும் தோற்றால் அணியில் இடமில்லை என்று பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

ஒரு பக்கம் முழுதாக எழுதிவிட்டேன்! நானா எழுதினேன்?

மார்ச் 6, வியாழன்

அதையே நல்ல தாளில் எழுதி உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டினேன். நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஐயோ. லாரிக்காரரின் தம்பி இங்கேதான் பயிற்சிக்கு வருகிறான். கதவைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டானாம்.

என் எழுத்தைப் படிக்க நானே தடுமாறுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்று இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லையே!

மகள் சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்தாள். "ஏம்பா, எழுதக் கத்துக்கிட்டது இவரைக் காட்டிக்கொடுக்கத்தானா?"

தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

தாளைக் கிழிக்கப் போனேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொந்த மாப்பிள்ளையை நாலாவதா போட்ட மாமனார் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

"தப்புதான் மாப்பிள்ளை. இப்பவே கிழிச்சிடறேன்."

"இருக்கட்டும் மாமா. கிழிச்சா லாரிக்காரர் ஆளுங்க உஷாராயிடுவாங்க."

கையுறையை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று துடைத்தபோது கூண்டின் வலது ஓரம் குளமாக இருந்தது. இடது ஓரம் காய்ந்து கிடக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மார்ச் 15, சனி

சண்டை முடிந்து வந்ததும் நோட்டைத் திறந்துவிட்டேன்.

முதல் சுற்றில் மாப்பிள்ளைக்கு அடி, அடி, அடி. மகள் என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். இரண்டாம் சுற்றில் லாரிக்காரர் மூலையில் நெருக்கினார். மாப்பிள்ளை இடது தோளை லேசாகச் சாய்த்தார். உதை வந்தது, முழு பலத்தோடு. மாப்பிள்ளை அங்கே இல்லை, வலப்பக்கம் போயிருந்தார்! வெறும் காற்றை உதைத்த லாரிக்காரர் ஒரு சுற்று சுற்றித் தடுமாற, பின்னாலிருந்து மாப்பிள்ளையின் கழுத்துப் பிடி. லாரிக்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டிவிட்டார். ஜெயித்துவிட்டோம்!

மகள் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது, "நாளைக்குப் புது பேனா வாங்கித் தரேன்பா" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

புது வரிசை. கொத்தனார் முதல், மாப்பிள்ளை இரண்டு, லாரிக்காரர் மூன்று.

"இன்னும் ரெண்டாவதுதானா மாமா?"

"கொத்தனார் மேல இன்னும் உங்க கை படலையே மாப்பிள்ளை."

அவரோடுதான் ஜூன் மாதம் மோதல். புதுப் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன்: 'மாப்பிள்ளை இப்போதெல்லாம் வலப்பக்கமாகவே பின்வாங்குகிறார்.'

கொத்தனாரின் ஆள் யாராவது போனைத் தூக்கிக்கொண்டு வருகிறானா என்று துடைத்தபடியே ஒரு கண் வைத்திருக்கிறேன். வந்தானா இல்லையா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். இப்போது விரல் வலிக்கிறது.