சத்தமில்லாமல் வந்தாய், மச்சான்

மச்சான்,

இன்று காலை படப்பை மார்க்கெட்டில் ஒரு பேட்டரி ஆட்டோ என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. சத்தமே இல்லை. தூக்கிவாரிப் போட்டது. உடனே உன் ஞாபகம்.

இதை நானே எழுதுகிறேன். முன்பெல்லாம் பஸ் போர்டைக்கூட நீதான் எனக்குப் படித்துச் சொல்வாய். இப்போது மருமகள் சொல்லிக்கொடுத்து, எழுத்துக்கூட்டி எழுதிவிடுகிறேன். ‘ஃபோர்க்லிஃப்ட்’ என்று எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று. ஆனாலும் எழுதிவிட்டேன்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

குடோனில் நாம் இருவரும் டீசல் ஃபோர்க்லிஃப்டில்தான் பாரம் தூக்கினோம். ரேக்குகளின் திருப்பத்தில் எதிரே வருகிறவன் தெரியமாட்டான். நான் ஆக்சிலேட்டரை இரண்டு முறை அழுத்தி உறுமவிடுவேன். அந்தப் பக்கத்திலிருந்து நீ இரண்டு முறை பதில் கொடுப்பாய். நமக்கு ஹாரனே தேவைப்படவில்லை.

பேட்டரி வண்டி வரப்போகிறது என்றார்கள். நீதான் முதலில் எகிறினாய். “அது பொம்மை வண்டி மச்சான். சார்ஜ் போட்டா பாதி நாள் தூங்கும். மழைத் தண்ணில உதவாது. நம்மளுது டீசல் ஊத்துனா உடனே ஓடும். ரெண்டு பேரும் தொடமாட்டோம்னு சாராண்ட சொல்லிடு.” சொன்னேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய்.

அடுத்த திங்கட்கிழமை. வண்டியை அணைத்துவிட்டு, இறங்கிப் பெட்டிகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“இன்னா மச்சான், பயந்துட்டியா?”

பின்னால் பேட்டரி வண்டியில் நீ. புகை இல்லை, ஓசை இல்லை. எனக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமையே வந்து ஓட்டப் பழகியிருந்தாய்.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீயும் வருவ. குடோனுக்குள்ள ஒரு ஆளுக்குத்தான் எடம் கீது.”

அன்றே என் டீசல் வண்டியை வெளியே யார்டுக்கு அனுப்பினார்கள். அதோடு என்னையும். எனக்கு வெயிலும் மழையும் புகையும்; உனக்கு நிழல். உன் சாவுக்கு வந்து முகத்தைப் பார்த்தேன். அப்போதும் மனசு ஆறவில்லை.

நியாயமாகவே எழுதுகிறேன். குடோனுக்குள் உன் வண்டிதான் நல்லது. அந்தப் புகையில் இருமிக்கொண்டேதானே வேலை செய்தோம்? மழையிலும் மேடுபள்ளத்திலும் என் வண்டிதான். இரண்டும் உனக்கு அப்போதே தெரியும். ஒன்றை மட்டும்தான் என்னிடம் சொன்னாய்.

எங்கள் தெருத் திருப்பத்துக்கு வந்தால் என் வலது கால் இன்னமும் செருப்போடு தரையை இரண்டு முறை அழுத்துகிறது. பிறகு நின்று, காது கொடுத்துக் கேட்கிறேன்.