ஒன்றே முக்கால் மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

“அக்கா ஊரு பக்கத்துலதானே, ஒரு எட்டு போய் கொழந்தையப் பாத்துட்டு வாடா” என்று போன கடிதத்தில் திட்டியிருந்தீர்கள். ஆயிரத்து நூறு கிலோமீட்டர் அம்மா. விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். எனக்கு மனப்பாடம். தினமும் அங்கே போகும் விமானத்தைக் கூட்டித் துடைத்து அனுப்புவதே நான்தான். விசா பேப்பர் கைக்கு வரும்வரை இந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாது. நாலு வருஷமாக வரும் வரும் என்கிறார்கள்.

நேற்று ஒரு கூத்து. மற்ற துப்புரவு ஆட்கள் இறங்கிய பிறகும் நான் அந்த விமானத்துக்குள்ளேயே இருந்துவிட்டேன். பயணிகளை ஏற்றும் நேரம். விமானப் பணிப்பெண் பார்த்துவிட்டு, “என்னப்பா, நீயும் வர்றியா?” என்று சிரித்தாள். சூப்பர்வைசர் ஓடிவந்து, “தூங்கிட்டியா?” என்றார். ஆமாம் என்றேன். விட்டுவிட்டார்.

என் பிறப்புச் சான்றிதழ் நகல் இன்னொன்று அனுப்புங்கள். விசா ஆபீசில் மூன்றாம் முறையாகக் கேட்கிறார்கள். குழந்தை யார் ஜாடை என்றும் எழுதுங்கள். போட்டோவில் பிடிபடவில்லை.

வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். நான் தூங்கவில்லை அம்மா. ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தேன்.

உங்கள் சின்னவன்