இரண்டாவது போட்டோ

சங்கராபுரம் வட்டம்,
சித்திரை 9.

அன்பு மகன் இளவரசனுக்கு அம்மா பாப்பாத்தி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கத்தார் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியவில்லை. சவரிமுத்து அண்ணன் மகன் ஆல்பர்ட் லீவு முடிந்து அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சித்தி வெயில் தாங்காமல் போய்விட்டாள் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. நூறு நாள் வேலைக்கு நான்தானே பணித்தளப் பொறுப்பாளர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையில் பெய்த மழை ஒரே நாளில் இறங்கி வந்து நம் மரவள்ளிக் காட்டில் நின்று கிழங்கையெல்லாம் அழுகடித்ததே, அந்த வாய்க்காலைத்தான் தூர்வாரிக்கொண்டிருந்தோம். வேலைக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்தி என் போனில் காலையில் ஒரு போட்டோ, நாலு மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும், இரண்டாவதில் ஆள் இல்லையென்றால் அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை என்று ஆகிவிடும். அன்றைக்கு சிக்னல் கிடைக்காமல் முதல் போட்டோ ஏறவே ஒன்பதேகால் ஆகிவிட்டது, அப்படியென்றால் இரண்டாவது ஒன்றேகாலுக்குத்தான். பங்குனி வெயில், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பன்னிரண்டு மணி இருக்கும், காசியம்மாள் வந்து, “யக்கா, கண்ண இருட்டிக்கினு வருது, நான் வூட்டுக்குப் போறேன்” என்றாள். நான், “இன்னும் ஒரு மணி நேரந்தாண்டி, போட்டோ ஏறட்டும், பொறுத்துக்கோ” என்று சொன்னேன். அவளுக்கு ஒருநாள் வேலை வீணாகக்கூடாதே என்றுதான் சொன்னேன் கண்ணு, வேறு எந்த எண்ணமும் இல்லை. அவளும் போய்க் கூடையைத் தூக்கினாள். போட்டோ எடுத்து முடித்து எல்லாரும் கலைகிற நேரத்தில் முன்வரிசையில் நின்றவள் அப்படியே மண்ணில் சாய்ந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. ஆம்புலன்ஸ் வந்து கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள், மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. அந்தப் போட்டோ ஒழுங்காக ஏறியிருந்தது, அன்றைக்கு அவள் வேலைக்கு வந்ததாகவே பதிவாகியிருக்கிறது.

காரியம் முடியுமுன்பே எம்.பி. எலெக்‌ஷன் சத்தம் தெருவுக்குள் வந்துவிட்டது. அப்பா கட்சியின் கிளைச் செயலாளர் அல்லவா, வேட்பாளர் வருகிறார், நாற்பது பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்கவேண்டும், கூட்டிவருவது உன் பொறுப்பு என்று என்னிடம் சொன்னார். பெண்கள் ஒருத்தியும் அசையவில்லை. வெயில் காலத்தில் விடிந்ததும் வேலையை ஆரம்பித்துப் பத்தரைக்குள் விட்டுவிட வேண்டும், இந்த வெயிலையும் வெள்ளத்தையும் பற்றி டெல்லியில் பேசுவேன் என்று வேட்பாளர் தன் வாயால் சொன்னால்தான் தட்டு என்றார்கள். அதை அப்பாவிடம் சொன்னதற்கு, “வெயிலுக்கெல்லாமாடி ஓட்டு கேக்க முடியும்? கேக்கறவன் சிரிப்பான்” என்றார். ஆனாலும் அவர் முகத்துக்காக ஏழெட்டுப் பேரைக் கெஞ்சி நிற்கவைத்தேன். வண்டி வந்து நின்றதும் காசியம்மாள் மகள் சந்தியா வெறுங்கையோடு முன்னால் போய், “எங்கம்மா போட்டோவுக்காக வெயில்ல நின்னு செத்துப்போச்சிங்க, இதுக்கு நீங்க இன்னா செய்வீங்க?” என்று கேட்டாள். வண்டிமேல் இருந்தவர் முகம் சுண்டிப்போய், பொறுப்பாளர் யார், நிழலில் உட்காரவைக்கவில்லையா என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியவில்லை. “நான்தாங்க. நான் சொல்லித்தான் அது நின்னுச்சி. என் புள்ள வேல செய்யற ஊரு பாலைவனங்க, அங்கயே வெயில் காலத்துல நடுப்பகல்ல வெளிய வேல வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குது. இங்க நாங்க மனுஷங்க இல்லையாங்க? ஜெயிச்சிப் போனா மொதல்ல இதப் பேசுவீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, “தேர்தல் அறிக்கை அச்சடிச்சாச்சிம்மா, பார்க்கலாம்” என்றார், வண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மறுநாளே எதிர்க்கட்சி தீனதயாளன் வந்து, எங்கள் மேடையில் ஏறி இதையே பேசுங்கள் அக்கா என்றார். உங்கள் அறிக்கையில் இது இருக்கிறதா என்று கேட்டேன், “மொத ஜெயிக்கட்டும்க்கா” என்றார். கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பாவுக்கு இனி அந்தப் பதவி இருக்காது என்கிறார்கள். நான் ஆக்கிவைத்ததைச் சாப்பிடுகிறார், என்னோடு மட்டும் பேசுவதில்லை. அவரைக் குறை சொல்லாதே, முப்பது வருஷம் அந்தக் கொடியைக் கட்டினவர்.

வெள்ளிக்கிழமை ஓட்டுப்போடப் போனேன். பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன், சீக்கிரம் என்று ஆபீசர் குரல் கொடுத்தார். ஒன்றை அழுத்திவிட்டு வந்தேன், எதை என்று உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன். ஜூனில்தான் எண்ணுவார்களாம், அதற்குள் கத்திரி வெயிலே முடிந்துவிடும்.

வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று நீ சொன்னாய். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்கத்தான் போனேன். அக்கா நீ போனால் உட்காரக்கூட விடாத ஆளைக் கொண்டுவந்து போடுவார்கள் என்று பெண்கள் மறித்துக்கொண்டார்கள். இப்போது பதினொரு மணியானால் கரைமேல் தார்ப்பாய் கட்டி எல்லாரையும் உட்காரவைக்கிறேன். வெட்டுகிற மண்ணின் அளவு குறைகிறது, அளவு குறைந்தால் கூலி குறைகிறது, அதற்கும் என்னோடுதான் சண்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்கிறது. நேற்று சந்தியா வேலை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அம்மா பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருக்கிறது. “பெரிம்மா, நாளைலேர்ந்து என்ன சேத்துக்கோ, வூட்ல வேற வழி இல்ல” என்றாள். சேர்த்துக்கொண்டேன். இன்று காலை முதல் போட்டோவில் முன்வரிசையில் நின்றாள், அவள் முகம் விழாமல் எடுத்துவிட்டு இன்னொரு தடவை எடுக்கவேண்டி வந்தது.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்கவேண்டும், நினைத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். அங்கே அந்த நடுப்பகல் சட்டம் ஜூன் மாசத்தில்தான் ஆரம்பிக்கும் என்றாயே, அதுவரைக்கும் தண்ணீர் பாட்டிலை விட்டு நகராதே. உடம்பு முடியவில்லை என்றால் எந்த மேஸ்திரி நில் என்று சொன்னாலும் நிற்காதே, வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வந்துவிடு.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
வே. பாப்பாத்தி