வெள்ளைத் துணி வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

தென்காசியிலிருந்து எப்சிபா. ஆம்பூரில் வெயில் தணிந்ததா? உங்கள் மூட்டுவலி தைலத்துக்கு அடங்குகிறதா? நான் நலம். சாரல் தொடங்கிவிட்டதால் துணிதான் காய மாட்டேன் என்கிறது.

குற்றாலத்தில் கடை வாசல்களில் படுத்திருப்பவர்களின் புண்களுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறோம் என்று சொன்னேனே, அவர்களில் பலரை இந்த வாரம் காணோம். "குணமாகிப் போயிருப்பார்கள்" என்று டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்று காலையில் அங்கே படுத்திருக்கும் செல்லப்பா தாத்தா, நான் அவர் காலில் சுற்றிய கட்டைத் தானே அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"சீசன் வந்துட்டுல்லா தாயி. அருவிக்குக் குளிக்க வாறவங்க கண்ணுல நாங்க படக் கூடாதாம். ராத்திரி ஒரு வேன் வருது. வெள்ளைக் கட்டு தெரிஞ்சா ஏத்திட்டுப் போயிருதாவ. போனவன் எவனும் திரும்பல."

"புண்ணில் ஈ மொய்க்குமே, தாத்தா."

"மொய்க்கட்டும். ஈ நம்மளத் தூக்கிட்டுப் போவாதுல்லா?"

நீங்கள் பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் பழைய கைலிகளைத் துவைத்துக் கிழித்து உடனே அனுப்புங்கள். மங்கிய நிறமாகப் பாருங்கள், வெள்ளை வேண்டாம். நம் வீட்டுச் சோப்பிலேயே துவையுங்கள், அந்த வாசனையோடு வரட்டும்.

இத்துடன் முடிக்கிறேன் அம்மா. மிச்சமிருப்பவர்களுக்கு நான் போட்ட கட்டுகளை இருட்டுவதற்குள் அவிழ்க்க வேண்டும்.

உங்கள் மகள்,
எப்சிபா