சின்னக் காட்டுக்கு ஒரு பிடி

றொசல்ல,
சனிக்கிழமை.

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இன்று விடிந்ததும் தேத்தண்ணிகூட ஊற்றாமல், அப்பாவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். சின்னக் காட்டில் வியாழக்கிழமை வண்டு விழுவதற்காக என் கையாலேயே மண்ணில் புதைத்துவைத்த பத்துக் கப்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஆறு கப்பில் வெறும் தண்ணீர். மற்றவற்றில் எறும்புகள், ஒரு சிலந்தி, மாட்டுப்பட்டிப் பக்கம் எப்போதும் கிடைக்கிற சின்னப் பழுப்பு வண்டு இரண்டு. காட்டுச் சாணி வண்டு ஒன்றுகூட இல்லை. ஈரத்தில் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது, ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல.

ஊர்ச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. அப்பாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள், ஆனாலும் பெக்டரியில் யாராவது பிறந்தநாள் என்று கேக் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டால், வாங்காவிட்டால் அவர்கள் மனம் வருத்தப்படும், நான் உடம்பைப் பார்க்கிறதா அவங்க மனசைப் பார்க்கிறதா என்று என்னிடமே நியாயம் கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பூரணிக்குத் தலவாக்கலையில் மாப்பிள்ளை பேசி முடிந்தது, தையில் கல்யாணம், உனக்குப் பத்திரிகை வரும். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. போன தடவை மண் சரிந்த இடத்துக்கு மேலே இந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை. போனில் நீ கேட்டாய், ஏன் அம்மா ஒரு வாரமாகச் சரியாகப் பேசவில்லை என்று. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

உன் ஆய்வுக்காக மாதம் ஒருமுறை கப்பில் விழுந்த வண்டைக் காட்டுக்கு ஒரு போத்தலில் எடுத்து வருகிற வேலை போன சனிக்கிழமை வந்தது. முதலிலிருந்தே இதைச் செய்கிற அழகம்மாதான் வழக்கம்போல் இரண்டு காட்டுக்கும் போனார். உச்சியில் இருக்கிற பழைய பெரிய காட்டில் காட்டுப்பன்றி புகுந்து பத்துக் கப்பையும் கிளறிப் போட்டிருந்தது, அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்து சொன்னார். அதில் ஆச்சரியமில்லை. ஆனால் சின்னக் காட்டுப் போத்தலும் அன்றைக்குக் காலியாக இருந்தது. இருபத்தாறு மாதமாக ஒரு மாதம்கூட வெறுமனே வராத போத்தல். பன்றி போனது மேலே, வண்டு இல்லாமல் போனது கீழே. அன்றிரவு வீட்டில் மாதாமாதத் தாள்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். மறுநாள் அழகம்மாவின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. மாட்டுக்குப் புல் வெட்டிப் போட்டபடியே சொன்னார்: “அது சின்னப்புள்ளக் காடுங்க டீச்சர். ஒண்ணுமில்லாம கொண்டாந்தா அரப்பேருன்னு எழுதிட மாட்டாங்களா? பெரிய காட்டுல கப்பு நெறஞ்சு கெடக்கும். அதுல ஒரு பிடி அள்ளி இதுல போட்டு விடுவேன். கொழுந்துல நாங்க அப்படித்தானே செய்வோம்.”

நீ இந்த லயத்தில் பிறந்தவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. கூடவே எடுக்கிற பெண்ணுக்கு உடம்பு முடியாவிட்டால், நிறுவைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து அவள் பக்கம் போகும், அவளுக்கும் முழுப்பேர், முழுநாள் சம்பளம், விழும். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்த அந்தக் கை, வளராத காட்டைப் பார்த்ததும் அதே காரியத்தைச் செய்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்து, “என்னங்க டீச்சர், வண்டுக்குமா கங்காணி வெச்சிருக்காங்க?” என்று சிரித்தார். எந்தக் காட்டில் எது விழுந்தது என்பதுதான் இதில் கணக்கு என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நம்ம தனு எழுதுறது?” என்று கேட்டார்.

தனு, நீ இங்கே இருந்த கடைசி லீவில் என்னை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னது எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. மரம் உயர்ந்தால் காடு வந்துவிட்டது என்று மனிதர்கள் நினைப்பார்கள் அம்மா, வண்டு அப்படி ஏமாறாது, மண் குளிர்ந்து, நிழல் இறுகி, மிருகம் நடமாடினால்தான் அது வரும் என்றாய். தேயிலையைக் கைவிட்டு மரம் நட்டு எட்டு வருடமான சின்னக் காட்டில் உச்சிக் காட்டு வண்டு இறங்கி வந்துவிட்டது என்பதுதான் உன் ஆய்வின் நடு அத்தியாயம். நீ அனுப்பிய நகலை நான் இரண்டு முறை படித்தேன். எட்டு வருடம் போதும் என்று நீ எழுதிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன், பெருமையாக இருந்தது. வண்டு இறங்கி வரவில்லை. அழகம்மாவின் போத்தலில் வந்தது. நீ சமர்ப்பிக்க ஆறு வாரம்தான் இருக்கிறது என்றும், அதற்குப் பிறகு அங்கேயே மேலே படிக்க இடம் தருவதாக உன் பேராசிரியர் சொல்லியிருக்கிறார் என்றும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வாரமாக நான் நினைத்ததெல்லாம் அதைத்தான்.

இதில் அழகம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. இருபத்தாறு மாதத் தாள்களிலும் நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருப்பது நான். அதில் பதினான்கு மாதம் முழங்காலைச் சாக்காக வைத்துக்கொண்டு மலைக்கே போகவில்லை. கண்டியிலிருந்து வருகிற பிரதாப் சேர் வண்டுகளைப் பார்த்து இனம் பிரித்தார், சரியாகவே பிரித்தார், எந்தக் காட்டில் பிடித்தது என்று அவர் என் தாளைத்தான் நம்பினார். இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கப்பை எப்படிப் புதைக்க வேண்டும், சாணியை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும், உப்புத் தண்ணீர் எவ்வளவு என்று எல்லாம் அழகம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றுமே விழாத கப்பும் எங்களுக்கு வேண்டும், அதையும் எழுதத்தான் போகிறோம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், சொல்ல வேண்டிய முதல் பாடத்தைச் சொல்லாமல் விட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேனா, இல்லை, காலி என்று எழுத எனக்கே மனமில்லையா என்று இந்த வாரம் பலமுறை கேட்டுப் பார்த்தேன். போத்தல் நிறைந்து வந்த ஒவ்வொரு மாதமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததால் நான் எதையும் கேட்கவில்லை.

சின்னக் காட்டுத் தாளை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்றும் கணக்குப் பார்த்தேன். முடியாது. பெரிய காட்டிலிருந்து அள்ளினது எவ்வளவு என்று அழகம்மாவுக்கே தெரியாது, அந்தத் தாள்களும் பிழை. அதோடு, சின்னக் காடு தேறிவிட்டது என்று நம்பித்தான் தோட்டத்துக்காரர்கள் அடுத்த வருடம் அங்கே கன்று நடுவதையும் காவலையும் நிறுத்தப் போகிறார்கள். தேறாத மலையைத் தேறிவிட்டது என்று விட்டால் இரண்டு வருடத்தில் புல்லும் நெருப்பும்தான் மிஞ்சும். அந்த மலைக்குக் கீழேதான் நம்முடைய லயம், பீலியில் நாம் குடிக்கப் பிடிக்கிற ஊற்றுத் தண்ணீர்.

குளிருக்கு மேலே மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிடாதே, நீ மெலிந்துபோனது படத்திலேயே தெரிகிறது. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. படிப்பு ஒரு வருடம் பிந்தினால் பிந்தட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் உன் கையில் நிலைக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இனி நான் சொல்லப் போவது அப்பாவுக்கும் தெரியாது, அழகம்மாவுக்கும் தெரியாது. உன் பேராசிரியருக்கும் பிரதாப் சேருக்கும் எழுதி வைத்துவிட்டேன். இருபத்தாறு மாதத் தாள்களையும், இரண்டு காட்டுக்குமானவற்றை, என் கையெழுத்தோடு திரும்பப் பெறுகிறேன் என்றும், நடந்தது இன்னது, பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்றும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குமுன் அதை அனுப்புவேன். உன்னைக் கேட்டு முடிவெடுக்கவில்லை மகளே, கேட்டால் நீ அழுவாய், நான் அனுப்ப மாட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உனக்காக விட்டிருக்கிறேன், என் கடிதம் போவதற்கு முன்னால் உன் பேராசிரியரிடம் நீயே வாய் திறந்து சொல்வதற்கு. நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் திங்கட்கிழமை அது போகும்.

அன்புடன்,
உன் அம்மா
ஜீவராணி