தூரத்திலிருந்து நிறுத்திய சர்வர்

சௌபாக்கியவதி யாதம்மாவுக்கு, ஹைதராபாத்திலிருந்து உன் கொமுரய்யா எழுதுவது. நான் சுகம், உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. வரங்கல் கிளையின் சர்வர் கம்ப்யூட்டர் திணறியது. ஆபீசே என்னைத்தான் நம்பியிருந்தது. சுவரில் ஒட்டிய குறிப்புத்தாளில் இரண்டே வரி: நெட்வொர்க்கை நிறுத்து, மறுபடி தொடங்கு. இங்கிருந்தபடியே முதல் வரியைப் புயல்போல அடித்தேன். அத்தோடு தொடர்பே அற்றுவிட்டது. இரண்டாம் வரியை ஆயிரம் தடவை அடித்தும் போய்ச் சேரவில்லை.

வயதுக்காக என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும் அதிகாரி ஸ்வரூபா தலையில் அடித்துக்கொண்டாள். "சித்தப்பா, போற வழியையே அடைச்சுட்டீங்களே! அது மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கறவங்க செய்யறது!"

"தாள்ல அப்படிப் போடலியேம்மா!"

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சு எழுதினது, சித்தப்பா!"

வரங்கல் காவலாளி போய்ப் பொத்தானை அழுத்தும்வரை அந்தக் கிளையே முடங்கிக் கிடந்தது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவளோ, "இனிமே தூரத்திலிருந்து எதையும் தொடாதீங்க. ஒண்ணாம் தேதியிலிருந்து வரங்கல்ல, அந்த மெஷின் பக்கத்துலயே உக்காருங்க" என்றாள்.

அங்கிருந்து நம் வீடு அரைமணி நேரம்தானே! இது தண்டனையா, பரிசா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ ஊரில் பதவி உயர்வு என்றே சொல். இனி கோங்கூராக் கீரை ஊறுகாய் அனுப்ப வேண்டாம். கட்டிலில் என் பக்கம் குவித்திருக்கும் துணிகளை மட்டும் எடுத்து வை.

அவசரத்தில்,
கொமுரய்யா