இருவராய்ச் செய்த ஊழியம்

என் பாசத்துக்குரிய பால்ராஜ் அண்ணா,

அங்கே நீங்கள் சுகமாக இருப்பீர்கள், தெரியும். இங்கே நான்தான் சுகமாக இல்லை. பிரேசர் டவுனில் நம் சிறிய சபைக்கு இருவரும் போதகர்களாக இருந்தபோது, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "தம்பி, இன்னைக்கு ரொம்ப இழுத்துட்ட. பிள்ளைங்க பசியில நெளிஞ்சத பாக்கலியா?" என்பீர்கள். இப்போது எல்லோரும், "நல்லா இருந்துச்சு பாஸ்டர்" என்று மட்டும் சொல்கிறார்கள். என் பிரசங்கம் உண்மையிலேயே அவ்வளவு நன்றாகவா இருக்கிறது?

உங்களை அடக்கம் செய்த பிறகு கமிட்டி கூடியது. இன்னொரு போதகர் வேண்டும் என்று கேட்டேன். செயலாளர் தேவசகாயம் ஐயா சிரித்தார். "ஒரு ஒறையில ரெண்டு கத்தி எதுக்கு பாஸ்டர்? நீங்க ஒருத்தரே போதும்." மரியாதையாகத்தான் சொன்னார்.

போன மாதம் நம் சபை ஆட்டோ டிரைவர் ஜான்சன் அடுகோடியில் நடந்த விபத்தில் இறந்துபோனான், அண்ணா. கல்லறையில் நான் ஜெபப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பெட்டியை இறக்கும்போது அவன் அம்மா குழியை நோக்கிப் பாய்ந்தார். எப்போதும் நான் வாசிப்பேன், அழுகிறவர்களை நீங்கள் தாங்கிப் பிடிப்பீர்கள். அந்தப் பழக்கத்தில் உங்களைத் தேடித் திரும்பினேன். நீங்கள் இல்லை. புத்தகத்தை மண்மேட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் விக்கித்து நின்றது. அப்போது யாரோ புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கும் குரல் கேட்டது. ஸ்டெல்லா! உங்களோடு நோயாளிகளைப் பார்க்க வருவாளே, அந்த நர்ஸ். ஆமென் வரை அவள் நிறுத்தவில்லை. அவ்வளவு நேரமும் அந்தத் தாய் என் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

"பொம்பள அடக்கம் பண்றதா?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். அடுத்த கமிட்டியில் நானே பேச்சை எடுத்தேன்.

"ஐயா, அன்னைக்கு நான் ஒருத்தன் மட்டும் இருந்திருந்தா, ஒண்ணு அந்தம்மா உள்ள விழுந்திருப்பாங்க, இல்ல ஜெபம் பாதியில நின்னிருக்கும். ஸ்டெல்லாவும் என்கூட பொறுப்புக்கு வரட்டும். இல்லன்னா எனக்கும் வேணாம்."

தேவசகாயம் ஐயா மெல்லச் சொன்னார். "என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ பால்ராஜ் பாஸ்டர்கூட அந்தப் பொண்ணும் வந்துச்சு. வரட்டும்."

வருகிற ஞாயிறு சபை முன்னால் அவளைப் பொறுப்பில் ஏற்படுத்துகிறோம். அவள் தலைமேல் கைவைத்து ஜெபிக்க மூப்பர்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். முணுமுணுத்தவர்களும் வருவார்களாம். உங்களுக்குச் சந்தோஷம்தானே?

ஒன்று சொல்லட்டுமா, அண்ணா? ஊழியத்தைப் பங்குபோட ஆள் கிடைத்துவிட்டது. உங்களுக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை. கிடைக்கவும் வேண்டாம்.

இனி எந்தத் துக்க வீட்டுக்கும் நான் தனியாகப் போகமாட்டேன். ஸ்டெல்லாவையும் தனியாக அனுப்பமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
சாலமோன்